எட்டில் ஒன்று

எட்டு அச்சுப் படங்களில் ஒன்றில் மட்டும் கட்டைவிரல் ரேகை விழுந்திருந்தது. அதுவும் வெள்ளைப் பனியின் நட்டநடுவில், நீல மையில்.

மார்லிஸ் கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் பத்து நிமிடத்தில் அச்சுப்பட வகுப்பின் கடைசி நாள் பரிமாற்றம். டீச்சர் ஜனீனையும் சேர்த்து எட்டுப் பேர். ஆளுக்கு எட்டுப் பிரதி அச்சடித்து, ஏழு பிரதிகளை மற்றவர்களுக்குக் கொடுத்து, ஒன்றைத் தானே வைத்துக்கொள்ள வேண்டும்.

கூடுதலாக நாலு தாள் எடுத்துக்கொள்ளச் சொல்லி ஜனீன் முதல் வாரமே தலைபாடாக அடித்துக்கொண்டாள். மார்லிஸ் கேட்கவில்லை. ஒரே பலகையைச் செதுக்கி மஞ்சள் அடித்து, அதையே மேலும் செதுக்கிச் சிவப்பு, இன்னும் செதுக்கி நீலம். இப்போது பலகையில் மிச்சமிருப்பது நீலத்துக்கானது மட்டும். புதிதாக ஒரு பிரதிக்கு எங்கே போவாள்?

உறைந்த ஏரிமேல் மீன்பிடிக் குடிசை. ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம். அறுபது வயதில் அவள் செய்த முதல் படம். "உனக்கு நேர்கோடே போட வராதே" என்று சிரித்த நாத்தனார் பெர்னிஸ் ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். அவள் பார்க்கவென்றே வீட்டுச் சுவரில் காலிச் சட்டம் ஒன்று காத்திருந்தது.

மேஜையில் பெயர் எழுதிய உறைகள். கறைபட்டதை யாருக்கு வைப்பது?

ஜனீனுக்கா? பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவாள். டெல்ஃபினுக்கா? ஊரெல்லாம் சொல்லிவிட்டுத்தான் மறு வேலை பார்ப்பாள்.

ஆர்லன்? பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். முதல் நாள் உளியைத் தலைகீழாகப் பிடித்தவர். அவருக்கென்ன தெரியப்போகிறது?

எல்லோரும் காப்பிக்குப் போயிருந்தார்கள். மார்லிஸ் அதை ஆர்லனின் உறைக்குள் செருகினாள்.

உறைகள் பிரிந்தன. ஜன்னல் வெளிச்சத்தை டெல்ஃபின் பாராட்டியது மார்லிஸ் காதில் விழவேயில்லை. கண் முழுக்க ஆர்லன் மேல்தான்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். படத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு மேஜையாகப் போய் மற்றவர்களுடையதையும் பார்த்தார். பிறகு நேராக அவளிடம் வந்தார்.

"மார்லிஸ், இந்த விரல் ரேகை என்னோடதுல மட்டும்தான் இருக்கு. எல்லாரோடதையும் பார்த்துட்டேன்."

"அது வந்து..."

"வேணும்னே வெச்சீங்களா? எனக்கு மட்டும்?" அவர் அந்த ரேகைமேல் மெல்லத் தன் விரலை வைத்துப் பார்த்தார். "எனக்குன்னு தனியா யாரும் இப்படிச் செஞ்சு குடுத்ததில்லைங்க."

மார்லிஸ் தலையை ஆட்டிவைத்தாள். கூசிப்போயிருந்தாள். பேச்சை மாற்ற, அவர் தனக்குக் கொடுத்திருந்த படத்தைக் கையில் எடுத்தாள். பனியில் நிற்கும் மஞ்சள் பேருந்து. ஒரு சின்னக் கறைகூட இல்லை.

"உங்களுக்கு எட்டுமே இவ்வளவு சுத்தமா வந்துச்சா?"

"அட, நீங்க வேற. ஒண்ணுல பஸ்ஸே பாதி அழிஞ்சுபோச்சு," என்று சிரித்தார் ஆர்லன். "அதை நானே வெச்சுக்கிட்டேன். கெட்டுப்போனதை எப்படிங்க இன்னொருத்தருக்குக் குடுக்கறது?"