வளைகிற ஸ்ட்ரா

"நீ செத்து மண்ணோட மண்ணாப் போனப்புறமும் இந்த ஸ்ட்ரா அப்படியே கெடக்குமே, உனக்கு உறுத்தலையாம்மா?"

தெருவில் பிளாஸ்டிக் ஒழிப்புக் குழுவை ஆரம்பித்த ஒரு அம்மா, ஜூஸ் கடைக்காரியிடம் போன வருஷம் கேட்ட கேள்வி இது. அன்றோடு அவள் ஸ்ட்ரா கொடுப்பதை நிறுத்தினாள். தூக்கிப் போட மனசு வராமல் ஒரு பாக்கெட் மட்டும் மிக்சிக்குப் பின்னால் கிடந்தது.

கொஞ்ச நாளாக அந்த அம்மா நேரில் வருவதில்லை. அவருடைய குழுதான் வேஷம் போட்ட ஆட்களை அனுப்பிச் சோதிக்கிறது. போன மாதம் ஒருத்தி வயிற்றில் தலையணை கட்டிக்கொண்டு வந்து பிளாஸ்டிக் கவர் கேட்டாள். பக்கத்துப் பழக்கடை மாட்டிக்கொண்டது. தெருவே ஒதுக்கியதில் இப்போது அங்கே ஈ கூட வருவதில்லை.

"வளையிற ஸ்ட்ரா, ஒண்ணே ஒண்ணு குடுங்கம்மா." எதிரே நின்றவர் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

"இல்லீங்க சார்."

"வீட்டுல படுத்த படுக்கைம்மா. கழுத்து நிக்கல. ஸ்பூன்ல ஊத்தினா புரை ஏறுது."

"ஸ்டீல்ல விக்குதே, வாங்குங்க."

"கடிச்சுப் பல்லு ஒடைஞ்சிடுச்சு. பேப்பர் ஸ்ட்ரா வாயிலயே கூழாயிடுது. இருந்த ஒண்ணையும் கழுவிக் கழுவி, அதுவும் கிழிஞ்சு போச்சு. ஏறி எறங்காத மருந்துக்கடை இல்ல. காலையிலேருந்து ஒரு வாய் தண்ணி உள்ள போகலம்மா."

"தலையணைக்காரியவிட நீங்க நல்லாவே நடிக்கிறீங்க."

அவர் கும்பிட்டார். அவளுடைய கை மிக்சிப் பக்கம் போய், பயந்து திரும்பி வந்தது.

"எங்கிட்ட ஒருத்தங்க கேட்டத நான் உங்ககிட்ட கேக்குறேன். செத்து மண்ணோட மண்ணாப் போனப்புறமும் இந்த ஸ்ட்ரா..."

அவர் உதடு தானாக அசைந்தது. "...அப்படியே கெடக்குமே, உனக்கு உறுத்தலையாம்மா?" என்று அவரே முடித்தார்.

அவள் கைதட்டிச் சிரித்தாள். "மாட்டுனீங்களா! குழு ஆளேதான். பாடம் அப்படியே மனப்பாடம்!"

"மனப்பாடந்தாம்மா. உங்ககிட்ட அதக் கேட்டவளுக்குத்தான் இப்ப ஸ்ட்ரா."

சிரிப்பு பாதியில் நின்றது. அவள் பாக்கெட்டை எடுத்து அப்படியே அவர் முன்னால் வைத்தாள்.

அவர் அதிலிருந்து ஒன்றை மட்டும் உருவிக்கொண்டார். மீதியை அவள் பக்கமே தள்ளிவிட்டு, படியிறங்கிப் போனார்.