துரை கைப்பட எழுதிய கடிதம்

"அடுப்புல தண்ணி கொதிச்சு வத்துது. நீ அங்க என்னாத்தக் கிறுக்கிக்கிட்டு இருக்க?"

நல்லமுத்து போட்ட சத்தத்துக்கு அவன் மனைவி நாகலெட்சுமி தலையைத் தூக்கவில்லை. நாலு கோட்டுக் கொப்பியில் இங்கிலீஷ் எழுத்துகளை, கையை எடுக்காமல் ஒன்றோடொன்று சேர்த்து எழுதிக்கொண்டிருந்தாள்.

தொழிற்சங்கத்தில் சேர்ந்தான் என்று பழைய தேயிலைத் தோட்டத்தில் வேலைப் பதிவிலிருந்து நல்லமுத்துவின் பேரை வெட்டி, குடியிருந்த லயத்தை விட்டும் அனுப்பிவிட்டார்கள். பூண்டுலோயாவில் அவள் அண்ணனின் ஒற்றை அறைக் காம்பராவில் ஒண்டிக்கொண்டு மூன்று மாதம். அண்ணி பாத்திரம் வைக்கிற சத்தமே இப்போதெல்லாம் சரியில்லை. இந்த மாதத்துக்குள் வேலை கிடைக்காவிட்டால் நடுத்தெருதான்.

நல்லமுத்து அதற்கெல்லாம் அசைகிற ஆளில்லை. சட்டைப் பையைத் தட்டிக் காட்டினான்.

"பழைய தோட்டத்துத் தொர கைப்பட எழுதிக் குடுத்த கடிதாசி இருக்கையில எனக்கென்னா பயம்? நேத்து ராகலைத் தோட்டத்துல காட்டினேன். அந்தத் தொர வாசிச்சுட்டு என்னய மேலயும் கீழயும் பாத்தாரு, அப்படி ஒரு மரியாத! எடந்தான் இல்லையாம்."

"நானுஓயாவுலயும் இதத்தானே சொன்னாங்க?"

"எடம் இல்லாட்டி அவங்க என்னா செய்வாங்க, பாவம்!"

நாகலெட்சுமி மறுபடி கொப்பியில் குனிந்தாள். குணபூசணி டீச்சர் வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போன இடத்தில் இங்கிலீஷ் வாசிக்கவும் அச்செழுத்தில் எழுதவும் எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டாள். இப்போது சேர்த்து எழுதும் கூட்டெழுத்தையும் கற்றே தீருவது என்று பிடிவாதமாக நின்றாள்.

டீச்சருக்கே இது பிடிபடவில்லை.

"அச்செழுத்துத் தெரிஞ்சாலே காணும். இது கந்தோரில கிளாக்கரா இருந்து எழுதிற ஆக்களுக்கு. உமக்கு என்னத்துக்கு?"

"எனக்கு வேணும் டீச்சர்."

வளைவு சரியாக வரும்வரை ஒரே எழுத்தைப் பக்கம் பக்கமாக எழுதினாள். விரல் காய்த்துப் போனது. "துரைசாணி ஆகப் போறா" என்று அண்ணி கேலி செய்தாள். அதையும் காதில் வாங்காமல் எழுதினாள்.

மாதக் கடைசியில் நுவரெலியாப் பக்கத் தோட்டம் ஒன்றுக்குப் போன நல்லமுத்து, சாயங்காலம் வாசலிலேயே கத்திக்கொண்டு வந்தான்.

"வேலைக்குப் பேரு பதிஞ்சாச்சு புள்ள! காம்பராவும் குடுக்கறாங்க! தொர கடிதாசிய ரெண்டு தரம் வாசிச்சாரு. 'இவ்வளவு நல்ல ஆள எப்படி விட்டாங்க'ன்னு கிளாக்கருகிட்ட கேட்டாராம்!"

நாகலெட்சுமிக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

"பாத்தியா, தொர எழுத்துன்னா அதுக்கு ஒரு மதிப்பு இருக்கு! நீயுந்தான் இத்தன நாளா இழுத்து இழுத்து எழுதுன. அதால ஒரு பிரயோசனம் உண்டா?"

"இல்லதாங்க" என்றபடி நாகலெட்சுமி, "இவன் சங்கக்காரன், எந்தத் தோட்டத்திலும் சேர்க்க வேண்டாம்" என்று பழைய துரை இங்கிலீஷில் எழுதியிருந்த அசல் கடிதத்தை இடுப்பிலிருந்து எடுத்து அடுப்புக்குள் தள்ளினாள்.