உப்பின் மஞ்சள்

திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்த ஆய்வுகூட யன்னல் அகலத் திறந்திருக்கிறது. தாக்கத்தை விரைவாக்கும், வனேடியம் ஒட்சைட்டுப் பூசிய ஊக்கித் தூளைக் கம்பியில் தொட்டுச் சுவாலையில் பிடிக்கிறார் இரசாயனர் பாக்கியரத்தினம். உப்பு ஒட்டினால் அந்தத் தூளின் மேற்பரப்பு வேலை செய்யாமல் செத்துவிடும். சுவாலையின் ஒளியைப் பிரித்துக் காட்டும் நிறமாலைகாட்டிக்குள் உப்பின் மஞ்சள் கோடு எரிகிறது. குடுவை கழுவும் பூரணத்தின் பக்கம் திரும்புகிறார். “வியர்வைக் கையைக் கழுவாமல்தானே குடுவையைத் தொட்டனீ?” “சவுக்காரம் போட்டுக் கழுவினனான், ஐயா.” அவள் அழுகிறாள். அவள் கன்னத்து நீரைக் கம்பியால் வழித்துச் சுவாலையில் காட்டுகிறார். “பார், இதே மஞ்சள். நாளைக்கு வராதை.” அவள் வெளியேறுகிறாள். கம்பியைக் கீழே வைக்கிறார். யன்னலால் வரும் உப்புக் கடற்காற்று மேசைக் காகிதங்களைப் புரட்டுகிறது. எதுவும் தொடாத வெறுஞ் சுவாலை மஞ்சளாகிறது. நிறமாலைகாட்டிக்குள் அதே கோடு. அவர் வெளியே பார்க்கிறார். வெளிவாசல் படலையடியில் பூரணம் திரும்பிப் பார்த்தபடி நிற்கிறாள். அவர் எழும்பி யன்னலைச் சாத்துகிறார்.