பன்னிரண்டாவது கூடு

காட்டோர ஊரான கிரென்ஸ்க்கில் பழைய துப்பாக்கிகளுக்கு விலை சொல்பவர் இன்னகேந்தி. அக்ராஃபேனா கொண்டு வந்ததைக் கையில் வாங்கியதும் எண்களைத்தான் பார்த்தார். ராணுவ ரைஃபிளின் குழாயை மாற்றி ரவைத் துப்பாக்கியாக்கியிருந்தார்கள். உடலில் 4417, குழாயின் பின்வாயை அடைத்துப் பூட்டும் போல்ட்டில் 9032.

"நம்பர் ஒத்துப்போகல தங்கச்சி. பாதி வெலதான்."

"மூணு வருஷமா சும்மா கெடக்கு. குடுக்கறதக் குடுங்கண்ணே."

அவள் கணவன் ஸவேலி காட்டில் காணாமல் போனவன். துப்பாக்கியும் தோட்டா வாரும் மட்டும் ஒரு மரத்தடியில் கிடைத்தன. சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டில் மறுபடி வெடிமருந்து அடைப்பார்கள் என்பதால், அந்தப் பக்கத்து வேட்டைக்காரன் எவனும் ஒரு கூட்டைக்கூடக் காட்டில் விட்டு வரமாட்டான். ஸவேலி பன்னிரண்டு கூட்டிலும் மும்மூன்று கோடு கீறி வைத்திருந்தான். வாரில் இருந்தவை பதினொன்று. அந்த வாரையும் அவள் தோளில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

9032. இன்னகேந்திக்குச் சுருக்கென்றது. இருபது வருடமாகச் சுவரில் தொங்கும் தன் சொந்தத் துப்பாக்கியை இறக்கினார். உடலில் 9032, போல்ட்டில் 4417.

"அடப்பாவிகளா, குழாய் மாத்துன பட்டறையில போல்ட்ட மாத்திப் போட்டுட்டானுங்க! ஒனக்கு முழு வெல தங்கச்சி."

இரண்டு குழாய்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டும் காலி. அவளுடைய போல்ட்டைத் தன் துப்பாக்கியில் நுழைத்துப் பூட்டினார். பிறகு பின்னால் இழுத்தார்.

மேசைமேல் ஒரு பித்தளைக் கூடு விழுந்து உருண்டது. மூன்று கோடு. எடுக்கப் போனவர் கையை உதறிக்கொண்டார். அவ்வளவு சூடு.

அக்ராஃபேனா அதை தலைத்துணியின் நுனியால் எடுத்து முகர்ந்தாள். வாரின் காலி இடத்தில் செருகினாள்.

"விக்கல அண்ணே," என்றாள், கதவையே பார்த்தபடி. "அவரு இப்பதான் சுட்டிருக்காரு."