பக்கத்து நாற்காலி

கணவரின் முதலாண்டு நினைவு நாளுக்கு மாட்டுவதற்கு பார்வதம்மாவிடம் நல்ல படம் இல்லை. அவர் வேலை பார்த்த தங்கச் சுரங்கத்தின் அடையாள அட்டையில் இருந்த முகத்தை செல்போனில் ஏற்றி, ஏஐ ஆப்பிடம், "என் வூட்டுக்காரர் நாற்காலியில உக்காந்திருக்கணும்" என்று ஒரே வரி சொன்னாள். நொடியில் படம் வந்தது. அவர் அச்சு அசலாக இருந்தார். பக்கத்து நாற்காலியில் பச்சைப் புடவையில் ஒரு பெண் இருந்தாள். எத்தனை முறை கேட்டாலும் அதே பெண்தான் வந்தாள்.

சாம்பியன் ரீப்ஸ் கடைத்தெருவில் பேனர் கடை வைத்திருக்கும் மமதாவிடம் பார்வதம்மா போனாள்.

"யாரு ஆன்ட்டி இவங்க?"

"எனக்கு இன்னா தெரியும்? அவளை எடுத்துடு."

மமதாவின் கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் தனித்தனியாகத் திருத்தலாம். வெளிச்சம், வயது, சட்டையின் நிறம் எல்லாம் சொன்னபடி மாறின. அந்தப் பெண்ணை அழித்தால் மட்டும் அவரும் மறைந்துபோனார். இரண்டு நாற்காலிகளும் காலியாக இருந்தன. ஏழு முறை முயன்றும் அப்படித்தான் ஆனது.

"அவங்க இருந்தாத்தான் இவரும் வராரு ஆன்ட்டி."

முப்பத்தெட்டு வருஷம் அவருக்கு ஷிப்டுக்குச் சோறு கட்டிக் கொடுத்தவள் பார்வதம்மா. அந்தப் பெண்ணின் மூக்குத்தியைக்கூட விடாமல் பார்த்தாள்.

"அப்படியே போட்டுக் குடு."

சுவரில் மாட்டியதும் மாலையை இழுத்து அந்தப் பெண்ணின் முகத்தை மறைத்தாள். யாரென்று கேட்டவர்களிடம் அவர் தங்கச்சி என்றாள். அவருக்குத் தங்கை கிடையாது.

மறுநாள் காலையில் படத்தில் அவருடைய நாற்காலி காலியாக இருந்தது.

பார்வதம்மா மாலையைக் கழற்றினாள். இருவரும் இருந்தார்கள்.

"நல்லா இருங்க, ரெண்டு பேரும்" என்று சொல்லிவிட்டு, மாலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.