தெளிவான படம்

“கேம் படத்த லைவ்ல அனுப்ப, வெளியே சொருகுற கேப்சர் கார்டே போதும்மா,” என்றார் திண்டுக்கல் கடைக்காரர்.

“வேணாம்ண்ணே, கம்ப்யூட்டருக்கு உள்ள மாட்டுறதே குடுங்க,” என்றாள் பானுப்ரியா. “நான் கேம் ஆடுறத எங்கப்பா குவைத்துல இருந்து தெனமும் லைவ்ல பாப்பாரு. ஒரு மாசமா படம் மங்கலா இருக்குங்கிறாரு.”

அன்று மாலையே கார்டை மாட்டி விளையாடினாள். படம் கண்ணாடி மாதிரி இருப்பதாக லைவில் பார்த்தவர்கள் எல்லோரும் கமெண்டில் எழுதினார்கள். ஆசையோடு அப்பாவை அழைத்தாள்.

“இப்பத் தெளிவாத் தெரியுதாப்பா?”

“இல்லையே தாயி, அப்படியேதான் இருக்கு.”

“மத்தவங்களுக்கெல்லாம் நல்லாத் தெரியுதாம்ப்பா.”

அப்பா முனியப்பன் குரலைத் தாழ்த்தினார்.

“உன் படமாவது தெளியும்னு பாத்தேன், தாயி. லாரி ஓட்டுறப்ப ரோடும் எனக்கு இப்படித்தான் தெரியுது. முதலாளிகிட்ட இன்னும் சொல்லல. நீயும் அம்மாகிட்டச் சொல்லிராத.”