இரண்டு மீட்டர்

பனியாற்றின் தடிமனை அளக்க, உர்கென் ரேடார் வைத்த சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு நடந்தான். அடிப்பாறையின் எதிரொலி தொண்ணூறு மீட்டர் ஆழத்திலிருந்து வரவேண்டும். மார்பில் தொங்கிய திரையோ இரண்டு மீட்டர் என்றது. எவ்வளவு தூரம் நடந்தாலும் இரண்டுதான்.

"ஏண்டா புர்பா, பையில இரும்பு ஏதாச்சும் வெச்சிருக்கியா?" வண்டிக்குப் பின்னால், அதே கயிற்றில் கட்டிக்கொண்டு வந்த தம்பியைக் கேட்டான்.

"கரண்டியக்கூட கூடாரத்துல விட்டுட்டுத்தாண்ணே வந்தேன். உன் பெட்டிக்குத்தான் ஜலதோஷம்."

சிரித்தபடி உர்கென் நின்றான். நின்றால் திரையில் எதிரொலியின் கோடு அசையாமல் கிடக்கவேண்டும். அது மேலே ஏறியது. ஒன்றரை. ஒன்று. பதறி நடந்தான், மீண்டும் இரண்டுக்கு இறங்கியது.

"நிக்காதடா."

"ஏண்ணே?"

"சும்மா நடடா." பனிக்கடியில் ஏதோ கூடவே வருகிறது என்று சொன்னால் பயந்து ஓடி, ஏதாவது பனிவெடிப்பில் விழுவான்.

மாலையில் மூடுபனி இறங்கிவிட்டது. இனி விடியும்வரை கரைக்குப் போக வழியில்லை. கூடாரமும் பனியின்மேல்தான். உர்கென் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தான். கயிற்றில் தம்பியும் தொடர்ந்தான்.

சமையல்காரர் பெம்பா வெண்ணெய்த் தேநீரோடு வெளியே வந்தார். "இது என்ன ஸ்தூபியா, வலம் வர்றீங்க? வந்து குடிங்கப்பா!"

பின்னால் கயிறு இறுகியது. புர்பா தேநீர் வாங்க நின்றுவிட்டிருந்தான்.